இலை காயும் கணக்கு

உன் தம்பி இன்று காலை கல்லூரிக்கே வந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். திராட்சைப் பந்தலுக்குள் நாம் இருவரும் முக்காலி போட்டு ஏறிக் கம்பியில் கட்டிய பெட்டி. காற்று, வெப்பம், இலையில் எவ்வளவு நேரம் ஈரம் நின்றது என்று அளந்து அனுப்புகிற பெட்டி. உள்ளே எறும்பு குடிபுகுந்துவிட்டதாம், சரிபண்ண வேண்டுமாம். பெட்டி முழுக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் நீலப்பச்சையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. மூடியைத் திறந்ததும் அந்த மருந்து வாடை கணிதத் துறை அறை முழுவதும் பரவிவிட்டது. பக்கத்து மேசைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். உன் கைப்பையிலும் முந்தானையிலும் எப்போதும் இந்த வாடைதான். கம்பத்திலிருந்து பஸ்ஸில் தேனிக்குப் பாடம் நடத்த வந்து இறங்கும்போதே தோட்டத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு வருவாய்.

அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வதுதான் முறை. உன் படத்திறப்பில் நானும் அப்படித்தான் பேசிவிட்டு வந்தேன். இப்போது எழுதுவது அந்த ரகம் இல்லை. நீ எழுதி வைத்துவிட்டுப் போன கணினி நிரலோடு இந்த வருடம் நான் பட்ட பாட்டை உன்னிடமே சொல்லித் தீர்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வேறு யாரிடம் சொன்னாலும், "அப்படியா மேடம்" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். முழுதாகப் புரியக்கூடிய ஒரே ஆள் நீ. நீயோ ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிட்டாய்.

இதெல்லாம் ஆரம்பித்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டு வேளை. நீ டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாய். உன் தம்பியின் பன்னீர் திராட்சையில் பூப் பிடிக்கிற நேரத்தில் அடிச்சாம்பல் நோய் விழுந்து, கொத்தெல்லாம் கருகி உதிர்ந்துவிட்டது என்றாய். மருந்து அடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"அடிக்காம என்னத்தா, அடிச்சான். பிந்தி அடிச்சான். ராத்திரி எல எம்புட்டு நேரம் நனஞ்சு கெடந்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்? அது தெரிஞ்சிருந்தா முந்தியே அடிச்சிருப்பான்ல."

"இது கணக்குத்தானே" என்றேன். சும்மா ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை. அதைப் பிடித்துக்கொண்டு நீ என்னை விடவே இல்லை. அடுத்த வாரமே பெட்டிகள் வாங்கியாயிற்று. கல்லூரியில் பாடம் நடத்துவதற்கென்று வாங்கிப் போட்டிருந்த அந்தக் கணக்குப் போடுகிற கணினி மொழியை வைத்து நிரல் எழுத உட்கார்ந்துவிட்டாய்.

வேலையை நாம் பங்கு போட்டுக்கொண்டோம். நனைந்த இலை எவ்வளவு நேரத்தில் காயும் என்கிற கணக்கு என்னுடையது. நிரல் உன்னுடையது. விடியற்காலையில் பெட்டிகள் அனுப்பியதை அது வாங்கிக்கொள்ளும். அடுத்த இரண்டு நாள் எப்படியெல்லாம் போகக்கூடும் என்று ஆயிரக்கணக்கான விதமாக ஓட்டிப்பார்க்கும். ஒவ்வொரு விதத்திலும் மணிக்கு மணி இலை நனைகிறதா, காய்கிறதா, நோய் பிடிக்கிற அளவுக்கு ஈரம் நிற்கிறதா என்று பார்க்கும். கடைசியில் விவசாயிகளின் போனுக்கு ஒரே வரி போகும். "இன்று மருந்து வேண்டாம்" அல்லது "இன்றே அடிக்கவும்". ஆட்கள் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் அந்த வரி போய்ச் சேர வேண்டும். வெயில் ஏறிய பிறகு வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்த அவசரத்தால்தான் நமக்குள் சண்டையே வந்தது. அந்த மொழி சாதாரணமாக ஒவ்வொரு வரியாகப் படித்து, பொருள் பார்த்து, நிதானமாகச் செய்யும். கம்பைல் செய்துவிட்டால் மொத்தத்தையும் எந்திர மொழிக்கு மாற்றி வைத்துக்கொண்டு பாய்ந்து ஓடும். ஆனால் கம்பைல் செய்த பகுதிக்குள் இருந்துகொண்டு வெளியே தனியாக எழுதிய ஒரு சார்பை, அதாவது ஃபங்ஷனை, கூப்பிட்டால், அத்தனை வேகமும் போயிற்று. ஒவ்வொரு முறையும் வெளியே வந்து, பழைய நிதானக்காரனிடம் விடை கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகும். வெளியே வந்து போகிறேன் என்று வாய் திறந்து சொல்லவும் சொல்லாது. பிழை காட்டாது. விடை சரியாகவே வரும், தாமதமாக வரும். அதனால் வேண்டிய சார்புகளையெல்லாம் கம்பைல் செய்கிற பகுதிக்கு உள்ளேயே எழுதிவிட வேண்டும் என்றாய் நீ.

"ஏத்தா, மேல எஸ்டேட்ல சமையல் நடக்குதுன்னு வச்சுக்க. உப்பு கம்பத்துல இருக்கு, மொளகாப்பொடி கம்பத்துல இருக்குன்னு ஒவ்வொரு சிட்டிகைக்கும் ஜீப்ப எறக்கி எறக்கி ஏத்துவியா? எல்லாத்தையும் மூட்டையாக் கட்டி ஒரே நடையா மேல கொண்டுபோயிர வேண்டியதுதான்."

எனக்கு அது பிடிக்கவே இல்லை. நான் எழுதியிருந்த சார்பைப் பார்த்தாயே, எவ்வளவு சுத்தமாக இருந்தது! மழை நின்ற இலைக்கு ஒரு வரி, பனி விழுந்த இலைக்கு ஒரு வரி, காற்றடித்தால் ஒரு வரி, காற்றே இல்லாவிட்டால் ஒரு வரி. கரும்பலகையில் எழுதுவதைப் போல ஒன்றின்கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விளக்கத்தோடு. தனியாக எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம், மாணவர்களுக்கும் காட்டலாம். அதைக் கொண்டுபோய் உன்னுடைய அந்த நெடுநெடு நிரலுக்குள் திணிப்பதா? முடியாது என்றேன். பொட்டிப்புரத்து மலைக்குள் ஆய்வுக்கூடம் வரலாமா கூடாதா என்று தேனியே இரண்டு கட்சியாக நின்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், நாம் இரண்டு பேரும் ஒரு சார்பு உள்ளே இருக்கலாமா வெளியே இருக்கலாமா என்று கேண்டீனில் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

"ஒனக்கு அழகு வேணும், எனக்கு வேகம் வேணும்" என்றாய். "நல்லாத்தான் இருக்கு ஒன் ஃபங்ஷன். கண்ணாடி போட்டு மாட்டிக்கிருவோம்."

நான் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் நீயே வந்து, "சரித்தா, ஒன் ஃபங்ஷன் அப்படியே வெளியவே இருக்கட்டும். வேகத்த நான் பாத்துக்கிர்றேன்" என்றாய். என் பக்கம் நியாயம் இருந்ததால் நீ இறங்கி வந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு டீக்கு நான்தான் காசு கொடுத்தேன், அத்தனை சந்தோஷம்.

நிரலும் பாய்ந்து ஓடியது. கொடியைக் கவாத்து வெட்டுவதற்கு முன்னால் சுருளிப்பட்டிக் கல்யாண மண்டபத்தில் திராட்சை விவசாயிகள் கூடியபோது, மைக்கைப் பிடித்து என்னை எழுப்பி நிறுத்தினாய். "எல காயுற கணக்கு முச்சூடும் இவுக போட்டது. நான் சும்மா ஓட்டுறவதான்." எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு பெட்டிப் பழம் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு நான் தேனிக்குப் பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். என் சார்பு ஒரு பள்ளத்தாக்குக்கே மருந்து நேரம் சொல்கிறது என்கிற நினைப்பில் உத்தமபாளையம் வந்ததும் தெரியவில்லை, சின்னமனூர் போனதும் தெரியவில்லை.

பிறகு ஒருநாள் காய்ச்சல் என்று விடுப்பு எழுதினாய். மஞ்சள்காமாலை என்று சொன்னார்கள். மதுரைக்குக் கொண்டுபோயிருப்பதாகச் சொன்னார்கள். உன்னைப் பார்க்க நான் மதுரைக்குப் பஸ் ஏறிய நேரத்தில், உன்னைத் திரும்பக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். ஆண்டிபட்டிக் கணவாயில் எங்கேயோ நாம் ஒருவரையொருவர் கடந்திருக்க வேண்டும். எனக்கு அப்போது தெரியாது. சன்னலோரம் உட்கார்ந்து, உன்னைப் பார்த்ததும் எப்படித் திட்ட வேண்டும் என்று யோசித்துக்கொண்டு போனேன்.

அதற்குப் பின் நிரலை நான்தான் ஓட்டினேன். எதையும் தொடவில்லை. விடியற்காலையில் எழுந்து ஓடவிடுவேன், பால் காய்வதற்குள் முடிந்துவிடும், போன்களுக்கு வரி போய்விடும். ஒரு வருடம் அப்படியே ஓடியது. உன் தம்பி இந்த வருடம் வலை போடுகிற வரைக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

கிளியும் வௌவாலும் பழத்தைக் குதறுகின்றன என்று அவர் பந்தலுக்கு மேலே முழுக்க வலை விரித்துவிட்டார். அவர் ஒருவர்தான் அந்தப் பக்கத்தில் போட்டவர். நல்ல வலை, நெருக்கமான கண். கவாத்து வெட்டி, துளிர் வந்து, பூமொட்டும் கட்டிய பிறகு எனக்குப் போன் வந்தது.

"டீச்சர், மெசேஜு தெனம் வேணாம் வேணாம்னுதான் சொல்லுது. ஆனா அடி எலையில எண்ணெப் பொட்டு மாதிரி விழுந்துருக்கு. இங்கன வந்து பாத்துட்டுப் போங்க."

அடிச்சாம்பலின் முதல் அடையாளம் அது. போய்ப் பார்த்தேன். வெளியே சுள்ளென்று வெயில். வலைக்குக் கீழே இலை முழுக்க இன்னும் ஈரம். கையை நீட்டினால் காற்றே இல்லை. பார்த்த உடனே புரிந்துவிட்டது. வலை காற்றைத் தடுக்கிறது, இலை காய நேரமாகிறது. விடியற்காலை ஈரத்தைப் பெட்டி சொல்லிவிடும், அது காயும் நேரமோ திறந்த பந்தலுக்குப் போட்ட கணக்கு, நிரலுக்கு வலை தெரியாது. பழையபடி இந்நேரம் காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு வேண்டாம் என்கிறது.

"வலை போட்டதை ஏன் தம்பி என்கிட்டச் சொல்லல?"

"வலைக்கும் மெசேஜுக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?" என்று அவர் நிஜமாகவே கேட்டார். பக்கத்தில் அவர் மனைவி மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றிருந்தார். "அம்புட்டும் அவுக அக்கா பாத்துக்கிரும்னு நெனச்சுக்கிட்டு இருக்காக" என்றார் என்னிடம்.

அவர் அதைக் கண்டுகொள்ளாமல் பந்தலை அண்ணாந்து பார்த்தார். "பூ விரியப்போகுது டீச்சர். இந்தக் காப்பும் போச்சுன்னா பந்தலப் பிரிச்சிட்டு வாழைய வச்சிர்றதுதான். இனிமே நம்மால முடியாது."

உன் அப்பா போட்ட பந்தல். நீ படிப்பு முடிக்கிற வரைக்கும் அந்தப் பழம்தான் உனக்குச் செலவு பார்த்தது என்று நீயே சொல்லியிருக்கிறாய். இரண்டு வரி மாற்றினால் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் சார்பு, என் கணக்கு, காற்று வரும் வரியில் ஒரு திருத்தம். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

திருத்தினேன். ஓட்டினேன். உன் தம்பியின் தோட்டத்துக்கு "வேண்டாம்" என்றே வந்தது. திருத்தியது போதவில்லை என்று இன்னும் மாற்றினேன். வேண்டாம். காற்றே கிடையாது என்று எழுதினேன். வேண்டாம். கடைசியில் வெறுத்துப்போய், நனைந்த இலை ஒருநாளும் காயவே காயாது என்று எழுதி ஓட்டினேன். அப்போதும் அந்தப் பாழாய்ப்போன நிரல் துளி வெட்கம் இல்லாமல் "இன்று மருந்து வேண்டாம்" என்றது. கணினியை மூடிவிட்டுக் கல்லூரி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். என் தலையிலேயே ஏதோ கழன்றுவிட்டது என்று பயமாக இருந்தது.

கம்ப்யூட்டர் துறை சாரிடம் காட்டினேன். மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். "ஒரு விளக்கமும் எழுதாம வச்சிருக்காகளே மேடம். பேசாம புதுசா எழுதிருங்க" என்றார். புதிதாக எழுதுவதாம்! பூ விரிய நாலைந்து நாள்கூட இல்லை. அவர்மேல் வந்த கோபமும் உன்மேல்தான் திரும்பியது. விளக்கம் எழுதி வை என்று எத்தனை தடவை சொன்னேன். "எல்லாம் தலைக்குள்ள இருக்குத்தா, எதுக்கு எழுதணும்" என்பாய். அந்தத் தலைக்கு இப்போது நான் எங்கே போக?

பிறகு உட்கார்ந்து உன் நிரலை முதல் வரியிலிருந்து படித்தேன். அதுவரை நான் படித்ததே இல்லை. படிக்கிற மாதிரியா எழுதுவாய் நீ? கம்பைல் செய்கிற பகுதிக்கு நட்டநடுவில், ஒரு மூலையில் ஒடுங்கிக்கொண்டு இருந்தது. ஒரு சார்பு. உள்ளுக்குள்ளேயே எழுதி வைத்தது. என் சார்புக்கு நான் வைத்த அதே பெயர். உள்ளே அந்தப் பெயரில் ஒன்று இருந்தால், வெளியே அதே பெயரில் இருப்பதை அது திரும்பிக்கூடப் பார்க்காது. நான் அத்தனை நாளும் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்படியென்றால் என் சார்பு ஒருநாள்கூட ஓடியதே இல்லை. கண்ணாடி போட்டு மாட்டுவோம் என்றாயே, சொன்னபடியே செய்துவிட்டாய். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அறையில் யாரும் இல்லை, ஆனாலும் யாரோ பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. கல்யாண மண்டபத்தில் கை தட்டியவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள்.

கோபத்தில் நான் செய்த முதல் காரியம், நீ உள்ளே எழுதியிருந்ததை எடுத்துவிட்டதுதான். என்னுடையதில் காயவே காயாது என்ற வரியை அழித்து, வலைக்கேற்ற திருத்தத்தைத் திரும்ப எழுதி, இனிமேல் வெளியே இருக்கிற இதைக் கூப்பிடட்டும் என்று விட்டேன். மற்றவர்களுக்குப் பழைய நிரலே போதும், அவர்கள் யாரும் வலை போடவில்லை. உன் தம்பி தோட்டத்துக்கு மட்டும் இதைத் தனியாக, விடிவதற்கு முன்பே ஓடவிட்டேன். பால் காய்ந்தது. ஆறியது. குளித்துவிட்டு வந்தேன். நிரல் ஓடிக்கொண்டே இருந்தது. பிழை ஒன்றும் காட்டவில்லை. நீ சொன்ன ஜீப் ஒவ்வொரு சிட்டிகைக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. மேற்கே மலை தெரியவில்லை, மேகம் அப்படி இறங்கியிருந்தது.

போன் அடித்தது.

"டீச்சர், ஆளுக வந்து நிக்கிறாக. மேக்க மப்பாக் கெடக்கு. பூவு விரிய ஆரம்பிச்சிருச்சு. அடிக்கவா, வேணாமா?"

"கொஞ்சம் பொறுங்க தம்பி, ஓடிக்கிட்டு இருக்கு."

"மழ வந்துருச்சுன்னா அடிச்சும் பிரயோசனமில்ல டீச்சர். இல்லேன்னா இவுகள வேற தோட்டத்துக்குக் கூப்பிட்டுக்கிருவாக."

திரையைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி அனுப்பியிருந்த எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். முந்தின சாயங்காலத்திலிருந்து இலையில் ஈரம். காற்று சுத்தமாக இல்லை. வலைக்குக் கீழே மத்தியானம் வரை காயாது, அதற்கு முன்னால் மழை வந்துவிடும். இப்படிக் கையால் போட்ட கணக்கில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அடிக்கச் சொல்லி மழை உடனே வந்தால் மருந்து அத்தனையும் கழுவிக்கொண்டு போகும். விரியும் பூவில் தேவையில்லாமல் மருந்து பட்டாலும் கெடுதல். அடிக்க வேண்டாம் என்று சொல்லி நோய் விழுந்தால் அந்தப் பந்தல் இருக்காது.

"அடிங்க" என்றேன்.

அவர் கேட்டார். "மெசேஜு வரலியே டீச்சர். இது நீங்க சொல்றீகளா, அக்கா சொல்லுதா?"

எங்கிருந்து எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. "அக்கா எங்க இருந்து சொல்லும்? அக்கா போயிருச்சு தம்பி. நான்தான் சொல்றேன். அடிங்க!"

கத்தியே விட்டேன். பக்கத்து வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். போனில் யாரோ பம்ப்பைத் தூக்கும் சத்தம் கேட்டது. உன் தம்பி, "சரி டீச்சர்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். உன் சாவுக்கு வந்தபோதுகூட போயிருச்சு என்கிற அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இரங்கல் கூட்டத்தில் "நம்மை விட்டுப் பிரிந்த" என்று எழுதி வைத்துத்தான் படித்தேன்.

நான் கல்லூரிக்குப் போய் முதல் வகுப்பு முடித்துவிட்டு வந்து பார்த்தபோது நிரல் விடை கொடுத்திருந்தது. "இன்றே அடிக்கவும்." அந்நேரம் தேனியிலேயே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கம்பத்தில் எப்போது பிடித்தது என்று கேட்கப் பயமாக இருந்தது. சாயங்காலம் அவரே கூப்பிட்டார். ஆட்கள் அடித்து முடித்து, மருந்து இலையில் காய்ந்த பிறகுதான் மழையாம்.

ஆனால் தினமும் இப்படிப் போனில் கத்திக்கொண்டிருக்க முடியாதே. அந்தச் சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். என் சார்பை அப்படியே தூக்கி உள்ளே வைத்தேன். ஏற்கவில்லை. மழைக்கு ஒரு வரி, பனிக்கு ஒரு வரி என்று நான் ரசித்து ரசித்துப் பிரித்து எழுதியிருந்த அந்த முறையே கம்பைலுக்குள் செல்லாது. இப்படியானால் இது, இல்லாவிட்டால் அது என்று நீட்டி முழக்கித்தான் எழுத வேண்டும். வருகிற ஒவ்வொரு எண்ணும் முழு எண்ணா, தசமம் உள்ளதா என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஒன்றை மாற்றி எழுதினால் எல்லாவற்றையும் துப்பிவிடும். மூன்று தடவை நோட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன்.

வேறு வழியில்லாமல் நீ எழுதியதையே எடுத்துப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, அதில் இருந்தது முழுக்க என் கணக்கு. ஒரு எண்ணைக்கூட நீ மாற்றவில்லை. மழை வரி, பனி வரி, காற்று வரி எல்லாம் அப்படியே, உன்னுடைய அந்த அழகில்லாத நடையில். நான் எழுதியது உள்ளே போகாது என்று தெரிந்து, நீயே உட்கார்ந்து பெயர்த்து எழுதியிருக்கிறாய். எவ்வளவு நேரம் பிடித்ததோ. எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

சரி, மண்டபத்தில் நீ சொன்னது பொய்யில்லை. ஒத்துக்கொள்கிறேன். அதனால் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. "ஏத்தா, ஒன்னோடது உள்ள போகாது, நான் மாத்தி எழுதிருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? சண்டை போட்டிருப்பேன். இரண்டு நாள் பேசியிருக்க மாட்டேன். அப்புறம் நீ உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருப்பாய், நானும் கற்றுக்கொண்டிருப்பேன். என்னோடு ஒரு சண்டையை மிச்சம் பண்ணுவதற்காக, இத்தனையையும் என்னைத் தனியாகத் தேட விட்டுவிட்டாயே. இனி எந்தச் சண்டையையும் உன்னோடு போட முடியாதே என்பது எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் புரிந்தது.

இப்போது உள்ளே இருப்பது நான் எழுதியது. வலையும் காற்றும் எல்லாம் சேர்த்து, உன் நடையிலேயே, அழகில்லாமல். பால் காய்வதற்குள் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறேன், நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் துறை சாராவது பிழைக்கட்டும். உன் தம்பி தோட்டத்தில் பூ பிடித்து, காய் கட்டி, இப்போது கறுப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. வாழைப் பேச்சு எடுப்பதில்லை. வியாபாரி வந்து பார்த்துவிட்டுப் போனாராம்.

ஆனால் தினமும் காலையில் எனக்குப் போன் வருகிறது.

"டீச்சர், மெசேஜு வந்துருச்சு. வேணாம்னு சொல்லுது. நீங்க என்ன சொல்றீக?"

முதல் நாள், "அந்த மெசேஜும் நான் சொல்றதுதான் தம்பி. இப்ப உள்ள இருக்கிறது நான் எழுதினது" என்று விளக்கிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "அது சரி டீச்சர். மெசேஜு அக்கா சொல்றது. நீங்க என்ன சொல்றீகன்னு கேட்டேன்" என்றார்.

அதற்குமேல் நான் விளக்கவில்லை. நீ எழுதாத சார்பு, நீ பார்க்காத வலை, நீ இல்லாத வருடத்துத் திராட்சை. தினமும் விடிந்தும் விடியாமலும் நின்றுகொண்டு, "அக்கா சொல்றது சரிதான் தம்பி" என்கிறேன். எரிச்சலோடுதான் சொல்கிறேன். அவர் "அப்ப சரி" என்று வைத்துவிடுகிறார். ஒருநாள் அந்தப் போன் வரப் பிந்திவிட்டால், நானே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன்.